குதிகால் வெடிப்பும் அதன் பரிகாரமும்

தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்து களத்து வேலைகள் நடைபெறுங் காலத்தில், நமது ரயத்துகளில் பலரும், அவர்களிடம் வேலை செய்யும் ஆண் பெண் ஆட்களும், ஒரு காலைச் சாய்த்து ஊன்றி நடப்பதைக் கிராமங்களில் எங்குங் காணலாம். விசாரித்தால், "ஒன்றுமில்லை, பித்தவெடிப்பு" என்று சொல்லி அப்பாற் செல்வார்கள். உழவுமாட்டின் குளம்பில் சிறு புண் கண்டாலும் அன்றே கால்நடை வைத்தியரிடம் ஓட்டிச் செல்லுங் குடியானவர், தமது குதிகால் ஒரு நெல்மணி புதையும் அளவு பிளந்து இரத்தங் கசிவதை வியாதியென்று எண்ணுவதேயில்லை. மண், விதை, எரு முதலியவற்றைப் பற்றி எழுதப்படும் இப்பத்திரிகையில் மனிதர் பாதத்தைப் பற்றி எழுத என்ன அவசியம் என்று சிலர் கேட்கலாம். நாற்று நடுவோரும், களை பறிப்போரும், வரப்பு வெட்டுவோரும் பாதத்தின்மேல் நின்றே வேலை செய்கிறார்கள் என்பது ஒரு பதில். வேறொரு பதிலும் எனக்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுமார் இருபது வருஷங்களுக்கு முன், நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமத்தில் திருந்திய நெல் சாகுபடியைச் செய்து காட்டுவதற்காக 40 சென்ட் நிலத்தை ஒரு பெரியவர் மனமுவந்து ஒதுக்கிக் கொடுத்தார். அவருக்கு அப்போது வயது அறுபதிருக்கும். நல்ல உழைப்பாளி, செருப்பணியும் வழக்கமில்லாதவர். ஒருநாட் காலையில் அவர் தமது வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கிச் சிமெண்டுத் தரையில் நடந்து வந்தபோது, ஒவ்வோர் அடிக்கும் காசளவு இரத்தச் சுவடு தரையிற் பதிந்தது. நான் சுட்டிக் காட்டிய பின்பே அவர் குனிந்து பார்த்தார். முதல்நாள் மாலை தாமே சவர பிளேடினால் குதிகாலின் தடித்த தோலைச் சீவியெடுத்ததாகச் சொன்னார். "வலியே இல்லை, தம்பி. இது பழைய தோல், மரம் மாதிரி" என்று சிரித்தார். நானும் சிரித்து, "பித்தம் மிஞ்சியிருக்கிறது ஐயா, மோர் நிறையச் சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, கயிறு பிடித்து நடுவதைப் பார்க்க வயலுக்குப் போய்விட்டேன்.

அந்நிலத்தின் அறுவடையன்று நெல்லை எடை போட அவர் வரவில்லை. அவருடைய குமாரர் வந்தார். பெரியவருக்கு வெகுநாளாக நீரிழிவு இருந்ததென்றும், அது யாருக்குந் தெரியாதென்றும், வெடிப்பின் வழியாகச் சீழ் பிடித்து எலும்பு வரையிற் பரவியதால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களென்றும் அப்போதுதான் அறிந்தேன். மகசூல் நன்றாயிருந்தது. அந்த எடைக் கணக்கை நான் இலாகாவுக்கு எழுதியனுப்பினேன். வலியில்லை என்று அவர் சொன்னபோதே எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அன்று தெரியாது. இக்கட்டுரை அதன் பொருட்டே எழுதப்படுகிறது.

வெடிப்பு உண்டாகும் விதம்

பித்தவெடிப்பு என்னும் பெயர் நெடுங்காலமாக வழங்கி வருவதால், சரீரத்தில் பித்தம் அதிகரிப்பதே இதற்குக் காரணமென்று ஜனங்கள் நம்புகிறார்கள். பெயரை மாற்றவேண்டிய அவசியமில்லை. ஆனால் பெயரைக் காரணமாகக் கொண்டு, கத்தரிக்காயை நீக்குவதும் பேதிக்கு அருந்துவதுமாகக் காலங் கழிப்பவர்களின் குதிகால் ஆறுவதை நான் கண்டதில்லை. உள்ளே ஒரு வியாதியிருந்து வெடிப்பை வளர்ப்பதும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்லுவேன். பெரும்பாலோர்க்குக் காரணம் தோலிலும், அதன்மேல் விழும் பாரத்திலுமே இருக்கிறது.

கரிசல் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குதல் எளிது. ஈரம் உள்ளவரையில் அம்மண் மெழுகு போல இளகியிருக்கும். ஈரம் வற்ற வற்றச் சுருங்கும். சுருங்கும்போது இழுவை தாங்காத இடத்திற் பிளக்கும். தோலின் மேற்படையும் இவ்வாறே. அதில் தக்க அளவு நீர் இருக்குமளவும் வளைந்து கொடுக்கும். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே நீர் குறைந்துவிட்டால் ஓடு போலாகி, வளைத்தால் முறியும்.

சரீரத்தின் மற்ற இடங்களில் தோலுக்குள் நெய்ச் சுரப்பிகள் இருந்து, தாமே ஒருவித எண்ணெய்ப் பசையைப் பரப்பி ஈரத்தை வெளிவிடாமற் காக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அச்சுரப்பிகள் கிடையா. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் ஏராளமாக உண்டு. ஆகவே பாதத்துக்கு உள்ளிருந்து கிடைப்பது வியர்வையின் ஈரம் ஒன்றே; அதை மூடிக் காப்பது எதுவுமில்லை. அன்றியும், கண்ணிமையில் மேற்றோலின் கனம் 0.05 மில்லிமீட்டர் என்றால், உள்ளங்காலில் அது 1.5 மில்லிமீட்டர் வரையிருக்கும். தரையில் உராயுந்தோறும் அது மேலுந் தடிக்கும். தடித்த தோல் பலமுள்ள தோலென்று எண்ணுவது பிசகு. மெல்லிய மட்டை வளையும், கனத்த மட்டை முறியும்.

இனி, பாரத்தைப் பற்றி. குதிகாலெலும்பின் கீழே கொழுப்பினாலான மெத்தை ஒன்று உண்டு. நாம் காலூன்றும்போது சரீரத்தின் பாரம் அம்மெத்தையை நசுக்க, அது பக்கங்களிற் பிதுங்கும். இளகிய தோலாயின் அதனோடு விரிந்து, காலெடுத்ததும் பழையபடி சுருங்கிக் கொள்ளும். காய்ந்து தடித்த தோலோ விரியமாட்டாமற் பிளந்துவிடும். வெடிப்புகள் குதிகாலின் நடுவில் இராமல் ஓரத்தைச் சுற்றியே வருவதன் காரணம் இதுதான். பின்பக்கம் திறந்த ரப்பர்ச் செருப்பும், செருப்பேயில்லாத காலும் மெத்தை பிதுங்குவதைத் தடுப்பதில்லை. குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் பாதரட்சை, பானையைப் பிரிமணை தாங்குவது போல அதை நிலையில் நிறுத்துகிறது. பருத்த சரீரமுடையவர்களுக்கும், நாள் முழுதும் கடினமான தரையில் நிற்போர்க்கும் வெடிப்பு மிகுதியாவதும் இதனாலேயே.

நாள்தோறும் சேற்றிலும் நீரிலும் நிற்கும் நடவாட்களுக்கு ஈரத்துக்கு என்ன குறை, அவர்களுக்கு ஏன் வெடிக்கிறது என்று ஒரு மிராசுதார் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. நீரில் நெடுநேரம் ஊறிய தோல், தன்னிடமுள்ள பசையையும், ஈரத்தைப் பிடித்து வைக்குஞ் சத்துக்களையும் நீரிற் கரையவிட்டுவிடுகிறது. பிறகு வெயிலிலும் வாடைக் காற்றிலும் உலரும்போது, ஊறுவதற்கு முன் இருந்ததைக் காட்டிலும் அதிகமாகக் காய்கிறது. தண்ணீர் கட்டுவதும் வற்றுவதுமாக மாறி மாறி விடப்பட்ட களிமண் வயல் எப்படிப் பாளம் பாளமாகப் பிளக்குமோ, அப்படியே இதுவும். மாலையில் சேற்றைப் போக்கச் சலவைச் சவுக்காரத்தினால் காலைத் தேய்த்துக் கழுவுவதும், சுண்ணாம்பு, சிமெண்டு, ரசாயன உரம் ஆகியவற்றை வெறுங்காலால் மிதிப்பதும் மிச்சமுள்ள பசையையும் நீக்கிவிடும்.

செய்யவேண்டிய சிகிச்சை

தண்ணீர் மட்டும் விட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். காய்ந்த தோலின்மேல் எண்ணெய் மட்டும் பூசினால், வறண்ட நிலத்தின்மேல் மூடாக்குப் போட்டதாகும். உள்ளே ஈரமில்லாதபோது மூடாக்கு எதைக் காக்கும்? முதலில் நீர் பாய்ச்சி, ஈரம் மறையுமுன் மூடாக்கு இடவேண்டும். தோட்டக்கால் பயிரிடுவோர் யாவருக்குந் தெரிந்த இவ்வொழுங்கைக் குதிகாலுக்குச் செய்பவர் நூற்றுக்கு ஒருவரும் இல்லை.

இரவு படுக்கப் போகுமுன் ஒரு அகன்ற பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரை விட்டு, கணுக்கால் வரையில் 15 நிமிஷம் முதல் 20 நிமிஷம் வரை ஊறவைக்க வேண்டும். நீரின் சூட்டை முழங்கையால் அல்லது வீட்டிலுள்ள சிறுவர் கையால் பார்த்தல் நலம். உணர்ச்சி குன்றிய பாதம் கொதிநீரையும் வெந்நீரென்று ஏற்றுக் கொள்ளும். உப்பும் வேப்பிலையும் போடுவது வழக்கம்; உப்பு ஈரத்தை இழுப்பதால் போடாதிருப்பதே மேல். வேப்பிலை அவரவர் இஷ்டம்.

ஊறியபின், தடித்த தோலை மட்டும் கால் தேய்க்கும் நுரைக்கல்லினாலோ, வழவழப்பாகத் தேய்ந்த செங்கல் துண்டினாலோ மிருதுவாக ஒரே திசையில் தேய்க்கலாம். இளஞ்சிவப்பு நிறங் கண்டவுடன் நிறுத்திவிட வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட ஆசைப்படலாகாது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் சிறிது சிறிதாகத் தேய்த்தாற் போதும். இரத்தங் கசியும் பிளவின்மேற் கல்லே படலாகாது.

பின்னர்ப் பருத்தித் துணியினால் ஒற்றியெடுக்க வேண்டும், துடைத்து உலர்த்தலாகாது. விரலிடுக்குகளை மட்டும் நன்றாக உலர்த்துக, ஏனெனில் அங்கே ஈரந் தங்கினால் சேற்றுப்புண் காணும். குதிகாலில் ஈரம் மினுங்கிக் கொண்டிருக்கும்போதே, மூன்று நிமிஷத்துக்குள், களிம்பு பூசிவிட வேண்டும். அதன்மேல் பழைய வேஷ்டித் துணியையோ நூற் காலுறையையோ அணிந்து படுக்க வேண்டும். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் இன்னொரு முறை சிறிது பூசிக்கொள்வது உத்தமம்.

எந்தக் களிம்பு என்பதில் ஜனங்களுக்குச் சந்தேகம் அதிகம். கடைக்காரர்களின் விளம்பரங்கள் அதைப் பின்னும் வளர்க்கின்றன. 1872-ம் வருஷம் அமெரிக்காவில் சீஸ்பிரோ என்பவர் உரிமைப் பத்திரம் பெற்ற வாசலைன் என்னும் மண்ணெண்ணெய்ப் பிசின், விலையில் மலிந்தது. ஈரத்தை மூடிக் காப்பதில் இன்றுஞ் சிறந்தது. தேங்காயெண்ணெயும் நல்லது; ஆனால் தனியே பூசினால் படுக்கையில் ஒட்டிப் போய்விடும். வீட்டிலேயே களிம்பு செய்ய விரும்புவோர், சுத்தமான தேன்மெழுகு 25 கிராமும் தேங்காயெண்ணெய் 100 கிராமும் எடுத்து, கொதிக்கும் நீருள்ள பாத்திரத்துக்குள் மற்றொரு சிறு பாத்திரத்தை வைத்து, அதில் இட்டு உருக்கிக் கலக்கி வாயகன்ற சீசாவில் ஊற்றி ஆறவைத்தால், வெண்ணெய் போல் உறையும். நேரே அடுப்பிலேற்றினால் தீப்பற்றும். தேனீ வளர்க்கும் ரயத்துகள் பலர் தேனை வடித்தெடுத்தபின் அடையை வீணாக எறிந்துவிடுகிறார்கள். கன்னியாகுமரி ஜில்லாவில் மார்த்தாண்டம் பக்கத்தார் மட்டுமே அதன் அருமையை நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

தோல் மிகவுந் தடித்தவர்களுக்கு மூடாக்கு மாத்திரம் போதாது. தோலின் உள்ளே ஈரத்தைப் பிடித்து நிறுத்துவதும், இறுகிய படைகளை இளக்குவதுமான மருந்து ஒன்று வேண்டும். அது வேறொன்றுமன்று, யூரியாவே. நமது வயலில் மேலுரமாகத் தூவும் 46 சத விகிதத் தழைச்சத்துள்ள அதே வஸ்து, நம் தோலின் மேற்படையிலும் இயற்கையாகவே சிறிதளவு இருந்து ஈரத்தை இழுத்து வைக்கிறது. நூற்றுக்கு 10 பங்கு யூரியா சேர்ந்த களிம்பு சாதாரண வெடிப்புக்கும், 20 அல்லது 25 பங்கு சேர்ந்தது கடினமான தோலுக்கும் மருந்துக்கடைகளிற் கிடைக்கும். இதைச் சொன்னவுடன் உர மூட்டையைப் பிரித்துக் கரைத்துப் பூசத் தொடங்குவோரும் உண்டென்று அறிவேன். தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். உர யூரியாவில் வேறு கலப்புகள் இருக்கின்றன; 2015 முதல் நமது தேசத்தில் அதற்கு வேப்பெண்ணெய்ப் பூச்சும் இடப்படுகிறது. அது பயிருக்கென்று செய்யப்பட்டது. புண்ணில் இடுவதற்குத் தூய்மை போதாது. மருந்துக் களிம்பையுங்கூடத் திறந்த பிளவில் வைத்தால் கடுமையாக எரியும். ஆகையால் பிளவு மூடும்வரையில் வாசலைனையும், மூடியபின் யூரியாக் களிம்பையும் உபயோகிப்பது முறை.

ஆழ்ந்த பிளவாயின், சுத்தமான நீரினாலும் மிருதுவான சவுக்காரத்தினாலும் கழுவி, வாசலைன் தடவிய மெல்லிய வலைத்துணியை வைத்துக் கட்டி, இரண்டொரு நாள் சேற்றில் இறங்காதிருக்க வேண்டும். சிவந்து வீங்கினாலும், சீழ் கண்டாலும், துர்நாற்றம் வீசினாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குச் செல்க.

இவ்விதம் செய்துவந்தால் முதல் வாரத்தில் நோவு குறையும். பிளவுகள் மூட இரண்டு மூன்று வாரம் செல்லும். தடித்த தோல் மாறிப் புதுத் தோல் வர அதனினும் அதிகமாகும். நமது ஜனங்கள் மூன்று நாள் செய்துவிட்டு, "பலனில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். விதைத்த மூன்றாம் நாள் கதிரைத் தேடுவாருண்டோ? குணமான பின்பும் மார்கழி முதல் பங்குனி வரை இரவில் எண்ணெய் பூசுவதை நிறுத்தாதவர்களுக்கே மறுவருஷம் வெடிப்பு வராது.

தகாத செயல்கள்

பிளேடு, அரிவாள்முனை, நகவெட்டி ஆகியவற்றால் சீவுதல் எல்லாவற்றிலும் கொடிது. இதனால் கால் இழந்தவரைப் பற்றி முன்னமே சொன்னேன். எருக்கம்பால் விடுவது சில ஊர்களில் வழக்கம். அது தோலை வேகவைத்துப் புண்ணாக்கும். பிளவில் உருகிய மெழுகுவர்த்தியை ஊற்றுவோரும், சாமான் ஒட்டும் பசையை வைத்து ஒட்டுவோரும் உண்டு. சூடு பட்ட புண்ணும் உள்ளே அடைபட்ட அழுக்குமே இவற்றின் பலன். மருதாணியை அரைத்து வைப்பதில் பெரிய தீங்கில்லை. ஆனால் மருதாணியும் மஞ்சளும் காயும்போது தோலையும் உடன் காயவைப்பதால், கழுவியவுடன் எண்ணெய் பூசத் தவறலாகாது.

சாணத்தைப் புண்ணில் அப்புவது பற்றித் தனியே சொல்லவேண்டும். இசிவு நோயை, அதாவது ஜன்னியில் வாய் பூட்டிக்கொண்டு முதுகு வில்லாக வளையும் நோயை, உண்டாக்குங் கிருமியின் வித்துக்கள் மண்ணிலும் கால்நடைகளின் சாணத்திலும் வருஷக்கணக்காக உயிரோடிருக்கும். காற்றுப்படாத ஆழ்ந்த காயமே அவற்றுக்கு விருப்பமான இடம். வெடித்த குதிகாலோடு எருக்குழியில் இறங்கி எரு வாருபவர் அவ்வித்துக்களின் நடுவே நிற்கிறார் என்றே கொள்ள வேண்டும். நோய் கண்டபின் பிழைப்பது அரிது. தடுப்பதோ மிக எளிது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தவறாமற் போடப்படும் இத்தடுப்பூசியை வயதுவந்த ஆண்மக்கள் அடியோடு மறந்துவிடுகிறார்கள். முன்பு போட்டுக்கொண்டவர்களும் 10 வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி போட்டுக்கொள்ளவேண்டும். அழுக்குக் காயம் பட்டு, முன் போட்டு 5 வருஷம் கடந்திருந்தால் அப்போதே போடவேண்டும்.

மழைக்காலத்து வயல் நீரில் எலிகளின் மூத்திரம் கலந்திருக்கும். அதிலுள்ள கிருமி, வெடிப்பின் வழியாகவும் சிராய்ப்பின் வழியாகவும் இரத்தத்திற் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். நடவுக்குப் பின் சில நாட்களில் திடீரென்று கடுஞ் சுரமும், கெண்டைச் சதையில் பொறுக்க முடியாத வலியும், கண் சிவப்புங் கண்டால், வயலில் வேலை செய்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யானைக்கால் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவர்களுக்கு அடிக்கடி வருங் குளிர்சுரமும் கால் வீக்கமும் பெரும்பாலும் விரலிடுக்குப் புண், குதிகால் வெடிப்பு ஆகியவற்றின் வழியே கிருமிகள் நுழைவதால் நேர்வன. அவர்கள் தினமும் காலைக் கழுவி உலர்த்திப் பாதுகாத்தால் அச்சுரம் வருவது வெகுவாகக் குறையும்.

நோவில்லாத வெடிப்பு

நோகின்ற வெடிப்புள்ளவர் தாமே காலைக் கவனித்துக்கொள்வார். நோவே அவருக்குக் காவல். நோவில்லாத வெடிப்பைக் குறித்தே நான் அதிகம் அஞ்சுகிறேன். உணர்ச்சி நரம்புகள் கெட்டபோது வியர்வையைத் தூண்டும் நரம்புகளும் கூடவே கெடுகின்றன. ஆகையால் பாதம் ஒருங்கே மரத்தும் வறண்டும் போகிறது. வெடிப்பு மிகுதியாக வருகிறது, வந்தது தெரிவதுமில்லை.

இதற்கு இக்காலத்தில் முதற்காரணம் நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, நமது தேசத்தில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது. பட்டணத்துச் சுகவாசிகளின் நோயென்று இதைக் கிராமத்தார் நினைத்த காலம் போய்விட்டது.

மற்றொரு காரணம், குஷ்டம் என முன்னாளிற் சொல்லப்பட்ட தொழுநோய். 2005-ம் வருஷ முடிவில், பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே அது குறைந்துவிட்டதாகத் தேசம் முழுமைக்கும் அறிவிக்கப்பட்டது. எனினும் அடியோடு அற்றுப்போகவில்லை. இவ்விஷயத்தில் நமது ராஜ்யத்திலேயே நடந்த ஒரு காரியம் நினைவுகூரத் தக்கது. 1914-ல் கொல்லிமலையிற் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு என்பவர், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுவதில்லை என்றும், வலி தெரியாததால் அவர்கள் கவனியாமல் விடுங் காயங்களும் தீப்புண்களுமே அவற்றைத் தின்றுவிடுகின்றன என்றும் காட்டினார். வலியைச் சாபமென்று எண்ணியிருந்தவர்களுக்கு அது புதிய செய்தியாயிற்று. அந்நோயாளிகளுக்கு இன்றும் கற்பிக்கப்படும் பாத ரட்சணை யாதெனில், தினமும் ஊறவைத்தல், மெல்லத் தேய்த்தல், எண்ணெயிடுதல் ஆகிய இம்மூன்றுமே. மேலே நான் எழுதிய சிகிச்சைக்கும் அதற்கும் வேற்றுமையில்லை.

உணர்ச்சி இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்கு, 10 கிராம் பாரத்தில் வளையும்படி செய்த நைலான் நரம்பைப் பாதத்தில் ஊன்றுவார்கள். வீட்டிற் செய்யக்கூடிய சோதனை ஒன்றை இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரத்து மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். சோதிக்கப்படுபவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்க, மற்றொருவர் அவருடைய இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் நுனிகளைத் தம் சுட்டுவிரலால் இலேசாக, அழுத்தாமல் தட்டாமல், ஓரிரு விநாடி தொடவேண்டும். தொட்டபோதெல்லாம் அவர் வலது அல்லது இடது என்று சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் பாதத்தின் உணர்ச்சி குறைந்துவிட்டதென்று கொண்டு, தாமதியாமல் சர்க்கரைக்கு இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். சரீரத்தில் வெளிறிய அல்லது சிவந்த, தொட்டால் தெரியாத தேமல் இருந்தால் அதையுங் காட்டவேண்டும். தொழுநோய்க்குரிய கூட்டு மருந்து 6 அல்லது 12 மாதத்துக்கு இலவசமாகவே கொடுக்கப்படுகிறது. இப்படிப்பட்டவர்கள் கல்லையும் தோல் கரைக்கும் மருந்துகளையும் தாமே உபயோகிக்கலாகாது. கண்ணாடியைத் தரையில் வைத்தாவது உள்ளங்காலைத் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு செய்தும் ஆறு வாரத்தில் ஆறாத வெடிப்புக்குப் படை, காளாஞ்சகப்படை, தைராய்டுச் சுரப்பியின் குறைவு முதலியவை காரணமாயிருக்கலாம். முக்கியமாக, உள்ளங்கால் முழுவதும் மாவு பூசினாற்போல் வெளுத்துச் செதிலுதிர்ந்து, விரலிடுக்கில் அரிப்பும் இருந்தால், அது பெரும்பாலும் படைக் காளானே. அதற்கு எண்ணெய் மாத்திரம் போதாது; காளானைக் கொல்லும் மருந்தும் வேண்டும்.

நிலக்காரர்களும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கது

வயலுக்குள் செருப்போடு இறங்குவது பூமிக்கு அவமரியாதை என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அதை நான் மதிக்கிறேன். சேற்றில் செருப்பு நிற்காது என்பதும் உண்மையே. ஆனால் வீட்டிலிருந்து வயல் வரையுள்ள கப்பிச்சாலையிலும், களத்திலும், உரக் கிடங்கிலும் வெறுங்காலால் நடப்பதற்கு இது காரணமாகாது. இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. உழைக்கும் ஜனங்களில் ஒரு பகுதியார் தெருவிற் செருப்பணியலாகாதென்று சில ஊர்களில் தடுத்து வைத்திருந்தார்கள். அது சட்டப்படி குற்றம். அத்தடையினாற் பழகிப்போன வெறுங்காலைப் பார்த்து, "அவர்களுக்குச் செருப்பு பழக்கமில்லை" என்று சொல்லும் மிராசுதார்கள் சற்று யோசிக்க வேண்டும். பின்பட்டையுள்ள செருப்பு ஒரு ஜோடியின் விலை, நடவு நாளில் ஓர் ஆள் நொண்டிக்கொண்டு நிற்பதால் நேரும் நஷ்டத்தைக் காட்டிலும் அதிகமன்று.

மோட்டார்க் கொட்டகையின் அருகில் ஒரு தொட்டியும், மிருதுவான சவுக்காரத் துண்டும், ஒரு டப்பா வாசலைனும் வைத்திருந்தால், ஆட்கள் கரையேறியவுடன் கால் கழுவிப் பூசிக்கொண்டு வீடு செல்வார்கள். சென்ற சம்பாவில் நான் பார்வையிட்ட கிராமமொன்றில் ஓர் அம்மையார் தம் நடவாட்கள் பதினான்கு பேருக்கும் இவ்வாறு செய்தார். முதல்நாள் எல்லோருஞ் சிரித்தார்களாம். நான்காம் நாள் டப்பா காலியாகிவிட்டதென்று ஆட்களே வந்து கேட்டார்களாம். ஆட்களில் ஒருத்தி மட்டும் காலில் ஒன்றுமே இல்லையென்று ஒதுங்கி நின்றிருக்கிறாள். அம்மையார் வற்புறுத்திப் பார்த்தபோது, இரண்டு குதிகாலும் பிளந்து, ஒன்றில் கருவேல முள் முறிந்து கிடந்தது. அவளுக்கு அது தெரியாது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், சர்க்கரை மிகுதியாயிருந்தது. முள்ளையெடுத்து மருந்து கட்டினார்கள். இந்தக் குறுவைக்கு அவள் நாற்றுப் பறிக்க வந்திருந்தாள். இரண்டு காலோடும் வந்திருந்தாள்.

கிராம அதிகாரிகள், சாவடியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஜனங்கள் கூடும் நாளில், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் எந்தக் கிழமை வருகிறார் என்பதை எழுதி ஒட்டுவதோடு, நாற்பது வயது கடந்தவர்களை அன்று காலைக் காட்டும்படி சொல்லலாம். 2021-ல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் ஏற்பாட்டின்படி, நீரிழிவு மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்குஞ் சுகாதார ஊழியர்களிடமும் பாதத்தைக் காட்டலாம். நடவு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னதாக இசிவுநோய்த் தடுப்பூசிக்கு ஒரு நாள் குறித்து, நிலக்காரரும் ஆட்களும் ஒருங்கே போட்டுக்கொள்ளும்படி செய்தால், ஊசிக்கு அஞ்சி ஆண்கள் ஒதுங்குவதும் குறையும். அன்று வருவோரை வரிசையாக உட்காரவைத்து மேற்சொன்ன விரல் சோதனையையும் செய்துவிடலாம். ஒருவருக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகாது.